உண்டியலில் விழுந்த மூலப் பத்திரம்

உ

பிள்ளைப்பாக்கம்,
22-7-1981, புதன்கிழமை

சிரஞ்சீவி தம்பி பரசுராமனுக்கு, அண்ணன் தணிகாசலம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கனகமும் கறவை எருமையும் சுகம். பெரம்பூரில் நீயும் செங்கமலமும் குழந்தைகளும் சுகம் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், ஆறு வருஷமாக நீயும் கடிதம் போடவில்லை, நானும் போடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த ஒருவன் கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு கார்டு போடவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். உன் அண்ணி சிரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இதைப் பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. நம் ஏரிக்கரை நிலம் கையை விட்டுப் போகப் போகிறது, அதற்கு முழுக் காரணம் நான், தடுத்து நிறுத்த உன் கையெழுத்து ஒன்று வேண்டும். அதனால் கடைசி வரை படி.

மறைமலை நகர் பக்கம் வந்த மாதிரி நம் பக்கமும் ஃபாக்டரிகள் வரப் போகின்றன என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. பேச்சுதானே என்று இருந்துவிட்டேன். போன மாதம் ஓர் ஆள் பசை டப்பாவோடு வந்து நம் கிணற்றடி வேப்பமரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். ஒரு ஏக்கர் இருபது சென்ட், கிணறு, மரம் எல்லாம் சேர்த்துப் புறம்போக்கு, அதாவது சர்க்கார் நிலம் என்று அதில் போட்டிருந்தது. இல்லை, எங்களுடையதுதான் என்று சொல்கிறவர்கள் ஜூலை பதினைந்தாம் தேதி மூலப் பத்திரத்தோடு ஸ்பெஷல் தாசில்தார் முன்னால் வரவேண்டும், வராவிட்டால் வேலி போட்டு ஃபாக்டரிக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரித்தேன். தாத்தா தாண்டவராயன் வெள்ளைக்காரன் காலத்தில் தாலுக்கா கச்சேரிக் குமாஸ்தா. கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக அவர் கடைத்தெருவில் நடந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்களாம். அப்பேர்ப்பட்டவர் வைத்துவிட்டுப் போன நிலத்துக்குப் பத்திரம் இல்லாமல் போகுமா என்றுதான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

அந்தப் பத்திரக் கவர் உனக்கே தெரியும். தாத்தா தன் கையால் அரக்கு முத்திரை வைத்து மூடிய பழுப்புக் கவர். சாகும்போது அப்பாவைக் கூப்பிட்டு, "அந்தக் கவர மட்டும்..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே பேச்சு வராமல் கண் மூடிவிட்டது. மீதி வார்த்தையை அப்பா தானாகவே "பிரிக்காதே" என்று முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அதைச் சிவப்புப் பட்டுப் பையில் போட்டு, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கலப்பைக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்பப் பெட்டியில் வைப்பது நம் வீட்டு வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் பூஜை அன்றைக்கு நீ, "அண்ணே, ஒரு வாட்டி பிரிச்சிப் படிச்சிடலாம்" என்றாய். தாத்தா பேச்சை மீறுகிறவன் இந்த வீட்டில் கை நனைக்க வேண்டாம் என்று நான் கத்தினேன். நீ, "படிக்காத காயிதத்துக்குக் கற்பூரம் காட்ற குடும்பம் ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். வடை எல்லாம் அப்படியே இருந்தது. அதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலையில் குளித்து, பெட்டியைத் திறந்து, கவரை எடுத்தேன். முத்திரையை நான் உடைக்கவில்லை, தாசில்தார் கையால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ் கூட்டத்தில் பட்டுப் பை பாழாகிவிடும் என்று கனகம் சொன்னாள், அதனால் பையை வீட்டில் வைத்துவிட்டுத் தாத்தா கவரை அப்படியே ஒரு பெரிய காக்கிக் கவருக்குள் போட்டேன். ரிட்டையர் ஆன அன்று ஆபீசில் பிரிவு உபசாரமாகக் கொடுத்த நூறு காக்கிக் கவர் இன்னும் பரணில் இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி எந்த முக்கியமான காகிதமானாலும் பொன்னியம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், மனக்குறையை ஒரு மனுவாக எழுதி உண்டியலில் போடவும் வேண்டும். நான் அம்மனுக்கு மனு எழுதினேன். அதையும் ஒரு காக்கிக் கவரில்தான் போட்டேன். இங்கேதான் எல்லாம் கெட்டது.

தபால் பிரிக்கிறவனுக்கு இடது கை பிடிக்கிற கை, வலது கை போடுகிற கை. முப்பத்திரண்டு வருஷத்தில் இது மாறினதே இல்லை. சந்நிதியில் இரண்டு கவரையும் அம்மன் காலில் வைத்து எடுத்துக் கொடுத்தபோது பூசாரி மாரி பத்திரத்தை என் வலது கையிலும் மனுவை இடது கையிலும் வைத்தான். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டே உண்டியலுக்கு நேராக நின்றேன். போடுகிற கை போட்டுவிட்டது. சர்வீசில் ஒரு கடிதத்தைக் கூடத் தப்புப் பெட்டியில் போடாதவன், எழுபது வருஷத்துப் பத்திரத்தை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டு, இடது கையில் மனுவைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த சந்தோஷத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

தாலுக்கா கச்சேரியில் தாசில்தார் என் பேரைக் கூப்பிட்டார். நான் கம்பீரமாகப் போய்க் கவரைக் கொடுத்தேன். அவர் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முறை தனக்குள் படித்தார். பிறகு ஐம்பது பேருக்கு முன்னால் வாய்விட்டுப் படித்தார். நான் எழுதியிருந்ததாவது: "தாயே, இந்தத் தாசில்தாருக்கு நல்ல புத்தி கொடு. அது முடியாவிட்டால் தர்மபுரிப் பக்கம் மாற்றல் கொடு. அதுவும் முடியாவிட்டால் ஒரு வாரம் வயிற்றுப்போக்காவது கொடு, அதற்குள் தேதி தள்ளிப் போகும். கிடா வெட்டுகிறேன். இப்படிக்கு உன் பிள்ளை தணிகாசலம்." கூட்டம் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த புறா பறந்தது. தாசில்தார் சிரிக்கவில்லை. "மூணாவது கோரிக்கை வேணாம் பெரியவரே, தேதிய நானே தள்ளி வெக்கறேன். இருபத்தேழாந் தேதி மூலப் பத்திரத்தோட வாங்க, அதுதான் கடைசி" என்றார். சாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அங்கிருந்த குமாஸ்தா என் மனுவைத் திருப்பித் தரவில்லை. சீல் குத்தி, நம்பர் போட்டு, ஃபைலில் கட்டிவிட்டான்.

நான் ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்கு வந்து மாரியைக் கேட்டேன். அவன் உண்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாத்தே, சாவி மூணு கீது. ஒண்ணு தர்மகர்த்தா கையில, ஒண்ணு என் கையில, ஒண்ணு கோயில் இலாகா எண்டோமெண்ட் இன்ஸ்பெக்டர் கையில. ஆடி முடிஞ்சிதான் தொறப்பாங்க" என்றான். தர்மகர்த்தா அப்பாவு வீட்டுக்கு ஓடினேன். அப்பாவு உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் உன் பென்சிலைத் திரும்பக் கொடுக்காதவன். அவன் ஊஞ்சலை நிறுத்தாமலே, "இன்னா தணிகாசலம், வெவரம் தெரியாத ஆளா நீ. உண்டில வுயுந்தா அது அம்மனுக்குச் சொந்தம். காசு வுயுந்தா காசு, கம்மல் வுயுந்தா கம்மல். நெலம் வுயுந்துகீது, நெலம் அம்மனுது" என்றான். விழுந்தது காகிதம், நிலம் அங்கேயேதான் இருக்கிறது என்று சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான், நீதான தபால் ஆபீசு, மணியார்டர் பாரம் வந்தா பணம் வரலியா" என்றான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு நாலு பதில் தோன்றியது.

இதோடு விட்டானா. ஆடி முதல் வெள்ளி அன்று கூழ் ஊற்றும்போது மைக்கைப் பிடித்து, ஏரிக்கரை நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்டை அம்மனுக்கு மனமுவந்து கொடுத்த தபால்கார தணிகாசலத்துக்கு நன்றி என்று நாலு தடவை சொல்லிவிட்டான். பென்னலூர் வரைக்கும் கேட்டிருக்கிறது. மாலை போட்டார்கள், காலில் விழுந்தார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாட்டம் மனசு யாருக்குப்பா வரும்" என்று அழுதாள். நானும் அழுதேன். ஜனங்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். தம்பி, எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஒரு பக்கம் சர்க்கார் இழுக்கிறது, இன்னொரு பக்கம் அம்மன் இழுக்கிறாள், நடுவில் என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. உன் பங்கையும் சேர்த்தல்லவா தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் நடை சாத்தின நேரத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தாத்தாவின் பழைய குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி, நுனியில் பலாப் பிசின் தடவி, உண்டியல் வாய் வழியாக விட்டுத் துழாவினேன். அரை மணி நேரத்தில் ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தது. பத்திரம் இல்லை, யாரோ போட்ட மனு. மடித்தபடியே திரும்பப் போட்டிருக்க வேண்டும், ஆனால் எழுத்து தெரிந்த எழுத்தாக இருந்தது. கனகத்தின் எழுத்து. "அம்மா, இந்த வருஷமாவது எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் பேசணும். இதோட ஆறாவது மனு" என்று எழுதியிருந்தாள். நம்பர் வேறு போட்டிருந்தாள். நான் அதைத் துடைத்து, மடித்து, உள்ளே போட்டுவிட்டேன். பிறகு துழாவ மனம் வரவில்லை. மனம் வந்திருந்தாலும் முடிந்திருக்காது, குடைக் கம்பி உள்ளேயே விழுந்துவிட்டது. அப்பாவு கணக்குப்படி அதுவும் இப்போது அம்மனுடையது.

திங்கட்கிழமை தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்து, வேறு நகல் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைத்தவை: கலெக்டர் துரைக்கு சம்பள உயர்வு கேட்டு எழுதிய மனு பதினேழு, பதில் ஒன்றும் இல்லை. அம்மை குத்திக்கொண்ட சீட்டு. தலைப்பாகை காணாமல் போனதைப் பற்றி போலீசில் கொடுத்த புகார், தலைப்பாகை கிடைத்துவிட்டதாக அடுத்த நாள் கொடுத்த புகார். யாரோ ஒரு தம்பிக்கு எழுதிப் போடாமல் வைத்த கடிதங்கள் ஒரு கட்டு, அதைப் படிக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை. நகல் இல்லை. சரி, பத்திர ஆபீசிலாவது நகல் வாங்கலாம் என்று போனேன். பத்திர நம்பர் சொன்னால் தேடித் தருவோம் என்றார்கள். நம்பர் எங்கே இருக்கும் என்று கேட்டேன். பத்திரத்தில் இருக்கும் என்றார்கள்.

கடைசியாக, நம் கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற வெள்ளைக்கார துரையின் நற்சாட்சிக் கடிதத்தைக் கழற்றிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். இவ்வளவு பெரிய மனிதர் புறம்போக்கிலா பயிர் வைப்பார் என்று கேட்பதாக எண்ணம். தாசில்தார் நாற்காலி காலி. ஹெட்கிளார்க் அந்தக் கோணல்மாணல் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னார்: "இந்த ஆள் விழித்திருக்கும் நேரங்களில் நாணயமானவர். இவரை வேறு யாராவது வேலைக்கு வைத்துக்கொண்டால் நான் மிகவும் மகிழ்வேன்." ஐம்பது வருஷமாக இதற்கும் நாம் பூ வைத்துக்கொண்டிருந்தோம். நான் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பியூன் சின்னப்பையன் தாழ்வாரத்தில் என்னை மடக்கி, "இன்னா சாமி இப்டி பண்ணிட்ட, அய்யாவுக்கு வியாயக்கிழமலேர்ந்து வயிறு சரியில்ல. லீவு. கேன்சல் பண்ணி இன்னொரு மனு எய்திக் குடுத்துட்டுப் போ" என்றான். உண்டியலுக்கே போகாத மனு எப்படிப் பலித்தது? அங்கேயே நின்று கேன்சல் மனு எழுதினேன். அதற்கும் சீல் குத்தினார்கள்.

இப்போது நிலைமை இதுதான். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை பத்திரம் இல்லாமல் போனால் நிலம் புறம்போக்கு. உண்டியலை முன்கூட்டித் திறக்க வேண்டுமானால் வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று எண்டோமெண்ட் இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். காகிதம் இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. உனக்கு ஷிப்ட் இருக்கும், ஓவர்டைம் இருக்கும், நேரில் வரவேண்டிய அவசியம் இல்லை. நிலம் நம்முடையது, தாத்தா நமக்காக வாங்கியது, அம்மனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, கவரைத் திறந்தால் அப்பாவு முகத்தில் கரி. இதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. வடை ஆறிப் போனது வருத்தம்தான்.

செங்கமலத்துக்கு என் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படித்து, எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்தே கையில் எடுக்கிறவர்களாக வளர ஆசீர்வதிக்கிறேன். எருமை உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள் உன் அண்ணி.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தணிகாசலம்

பின்குறிப்பு: 24-7-1981, வெள்ளி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன், எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் விஷயம் மாறிவிட்டது. மேலே நான் எழுதியதில் தாத்தா, நிலம், அப்பாவு பற்றிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கையெழுத்தும் வேண்டாம்.

இன்று காலை தாசில்தாரே சம்சாரத்தோடு பொங்கல் வைக்க நம் கோயிலுக்கு வந்துவிட்டார். வயிறு எந்த மருந்துக்கும் கேட்கவில்லையாம், அந்த அம்மாள்தான் இழுத்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "பெரியவரே, மொதல்ல அந்தப் பொட்டியத் தொறந்து இந்தப் பிரச்சினைய முடிப்போம்" என்று ஆளனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். மூன்று சாவியும் போட்டுத் திறந்தார்கள். முதலில் குடைக் கம்பி வந்தது. யாருடையது என்று கேட்டார்கள், நான் கோபுரத்தைப் பார்த்தேன். பிறகு கவர் வந்தது. தாசில்தார் முத்திரையை உடைத்துப் படித்தார். தாத்தா எழுதியிருந்ததை நான் பார்த்து எழுதுகிறேன்:

"1913ஆம் வருஷம் பிள்ளைப்பாக்கம் பொன்னியம்மனுக்குத் தாண்டவராயன் மனப்பூர்வமாய் எழுதிக்கொடுத்த தான சாசனம் என்னவென்றால், ஏரிக்கரை நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்டும் இன்று முதல் அம்மனுடையது. என் வம்சத்தார் அதைப் பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, தினம் அந்தி விளக்கு ஏற்ற வேண்டியது. சகோதரர் இருவர் இருந்தால் வளர்பிறை மூத்தவன் முறை, தேய்பிறை இளையவன் முறை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விளக்கறைச் சாவியை ஒருவர் கையில் ஒருவர் நேரில் கொடுக்க வேண்டியது. ஆள் மூலம் கொடுத்தால் செல்லாது. நானும் என் தம்பியும் பதினோரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோம். அவன் செத்த செய்தி எனக்குத் தபாலில் வந்தது. ஆகையால் இந்த ஏற்பாடு."

அம்மனுடைய நிலத்தைத்தான் நாம் எழுபது வருஷமாக நம்முடையது என்று சாப்பிட்டிருக்கிறோம். போட வேண்டிய பெட்டியில்தான் என் கை போட்டிருக்கிறது. தாசில்தார், "இது கோயில் சொத்து, அம்மனுக்கு நோட்டீஸ் குடுக்க எனக்குப் பவர் கெடையாது, மேல எழுதணும், பதில் வர வருஷக்கணக்காவும்" என்று சொல்லிவிட்டு வேப்பமர நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார். அப்பாவு சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. மாரிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தி வெளக்கு உங்க வூட்டு மொறைன்னு மட்டும் சொல்வாங்க, ஏன்னு தெரியாது, எங்க தாத்தா காலத்திலேர்ந்து நாங்கதான் ஏத்திகினு கீறோம். இன்னிக்காவது வந்தீங்களே" என்று துருப்பிடித்த விளக்கறைச் சாவியை என் கையில் வைத்தான். எனக்குத் தலை நிமிரவில்லை. தாத்தா சொல்லாமல் விட்டது "பிரித்துப் படி" என்பதாகத்தான் இருக்கும். நீ அன்றைக்குச் சொன்னதும் அதைத்தான். நான் செய்தது தப்பு, பரசுராமா.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுக் கடிதங்களைப் படித்தேன். எல்லாம் தாத்தா தன் தம்பிக்கு எழுதியவை. பதினோரு வருஷத்துக்குப் பதினோரு கடிதம். ஒன்றிலும் ஸ்டாம்பு ஒட்டவில்லை. இதில் நான் ஒட்டிவிட்டேன்.

இப்போது நடப்பது தேய்பிறை. போன பௌர்ணமியிலிருந்து உன் முறை. இன்று அந்திக்கு உனக்குப் பதிலாக உன் அண்ணி ஏற்றினாள், ஆனால் சாசனப்படி அது செல்லாது. சாவி என் வலது கையில் இருக்கிறது. நீ வந்து வாங்கிக்கொள்ளும் வரை அந்தக் கையால் வேறு எதையும் எடுப்பதில்லை என்று இருக்கிறேன், இந்த வரிகள் கூட இடது கைக் கிறுக்கல், கனகம்தான் சோறு பிசைந்து கொடுக்கிறாள், சீக்கிரம் வா. வரும்போது நல்லெண்ணெய் இரண்டு படி கொண்டு வா. நாளைக்கு வடைக்கு ஊறப் போடப் போகிறாளாம்.